வட்டம் போடாத இடம்

நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஃபோர் வீல் வண்டி வாங்கப் போகிறவர் காலையில் சீக்கிரமே போய்விட வேண்டும், மேடம். விற்கிறவர் எழுந்து, பல் துலக்கி, வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி வைப்பதற்கு முன்னால் அவர் வாசலில் நிற்க வேண்டும். வணக்கம் சொல்லிக்கொண்டே பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறிக் கிடக்கும் எஞ்சினைக் கிளப்பும்போதுதான் அதன் இருமல், புகை எல்லாம் வெளியே வரும்.

உங்கள் தம்பி ஒரு வண்டி பார்த்து வைத்திருப்பதாகவும், அதைப் பற்றி என்னிடம் யோசனை கேட்கலாமா என்றும் ஆரம்பித்தீர்கள். நல்ல ஆரம்பம்தான். உங்களுக்குத் தம்பி இருக்கிறாரா என்பதே எனக்குச் சந்தேகம். இருந்தாலும் கேட்டவருக்குச் சொல்வது என் தொழில், அதனால் சொல்கிறேன்.

சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி இழுத்துவிட்டு விடுகிறவர்கள்தான் அதிகம். கடைசி முழத்தில் சேற்றுக் கோடு தெரிந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது. இருக்கையைத் துவைப்பார்கள், தரைவிரிப்பை மாற்றுவார்கள், பெல்ட்டின் உள்சுருளைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. நான்கு டயரும் ஒரே அளவா, ஒரே மாதிரித் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால், நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி உள்ளுக்குள் மல்லுக்கட்டித் தேய்ந்திருக்கும். பிறகு மண்தரையில் நிறுத்தி, நான்கு சக்கர கியரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். "அது நல்லாத்தான் சார் இருக்கும், நான் போடறதே இல்ல" என்று விற்கிறவர் சொன்னால், அது வேலை செய்யாது என்று அர்த்தம்.

முப்பத்தொரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. நான் வண்டி விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. வாங்க நினைக்கிறவர் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். வண்டியைச் சுற்றி வருவேன், அடியில் படுப்பேன், சட்டைப்பையில் இருக்கும் சாக்பீஸால் குறை இருக்கிற இடத்திலெல்லாம் ஒரு வட்டம் போடுவேன். வாயைத் திறக்க மாட்டேன். பேசினால் விற்கிறவரும் பேசுவார், பேச்சு சண்டையில் முடியும். வட்டத்தோடு யாரும் வாதாட முடியாது. ஓட்டவே லாயக்கில்லாத குறை என்றால் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி போடுவேன். பெருக்கல் விழுந்த வண்டியை என்னைக் கூட்டிப்போன யாரும் வாங்கியதில்லை. தொழில் வட்டாரத்தில் எனக்குப் பெயரே சாக்பீஸ்தான். "சாக்பீஸ் வருதுடா" என்று சொல்லி, நான் தெருமுனை திரும்புவதற்குள் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிய வியாபாரிகள் உண்டு.

சாக்பீஸ் வட்டம் வண்டி வாங்குகிறவருக்கு. எனக்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அன்றைக்குப் பார்த்த வண்டியை மேலிருந்தும் பக்கவாட்டிலும் அடியிலிருந்தும் மூன்று படமாக வரைந்து, கண்ட குறைகளையெல்லாம் குறித்து வைப்பேன். அதே வண்டி நான்கு வருடம் கழித்து வேறு நிறத்தில், வேறு ஆளிடமிருந்து விற்பனைக்கு வரும். அப்போது நோட்டைப் புரட்டினால் அதன் பூர்வோத்திரம் தெரிந்துவிடும். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் என் மகள் பத்து வயதிலிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தெளிவாக இன்னொரு நோட்டில் படியெடுத்துக் கொடுப்பாள். சேஸிஸ், கியர், அச்சு என்று எல்லாமே அந்தக் குழந்தைக்குத் தெரியும். நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வோம். அதைவிட நல்ல நேரம் என் வாழ்க்கையில் இருந்ததாக நினைவில்லை.

என் மனைவி, மகளுக்கு ஒன்பது வயதாகும்போது போய்விட்டாள். சாதாரணக் காய்ச்சல், மூன்று நாளில் இறங்கிவிடும் என்றார் மருத்துவர். நான் நம்பினேன். மூன்றாம் நாள் காலையில் அவளை எழுப்பினேன், அவள் எழுந்திருக்கவில்லை. என் வாழ்க்கையில் சரிபார்க்காமல் நம்பியது அந்த ஒரு வார்த்தையைத்தான். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. சந்தேகம் என்பதை ஏதோ வியாதி மாதிரி நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மாப்பிள்ளையை நாய் கடித்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மகள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவர் கால்நடை மருத்துவர். கடி வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுக்க வந்திருக்கிறார். "நாய் டாக்டரையே நாய் கடிச்சிருக்கு அப்பா" என்று அன்றைக்கு வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதிலேயே எனக்கு ஒரு நெருடல்.

கல்யாணப் பேச்சு வந்தபோது நான் எதிர்க்கவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் படித்த காலத்தில் தங்கிய விடுதிக் காவலாளியைப் போய்ப் பார்த்தேன். வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரோடு வேலை செய்கிற கம்பவுண்டரிடம் என் பூனைக்கு வைத்தியம் என்று சொல்லி, இல்லாத பூனைக்காக அரைமணி நேரம் பேசினேன். எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்: தங்கமான மனுஷன். விடுதிக் காவலாளி, மாப்பிள்ளை அனுப்பி வைத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் தொழிலில் ஒரு விஷயம் இருக்கிறது, மேடம். குறை தெரிகிற வண்டி பயமில்லாத வண்டி. எங்கே இடிபட்டது, எங்கே ஒழுகுகிறது என்று தெரியும், பார்த்து ஓட்டலாம். சுற்றிச் சுற்றி வந்தும் ஒரு வட்டம்கூடப் போட முடியாத வண்டி முன்னால் நிற்கும்போதுதான் எனக்குப் பயம். யாரோ நன்றாகப் பூசி மெழுகியிருக்கிறார்கள். அடியில் ஏதோ இருக்கிறது.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் என்னோடேயே இருந்தார்கள். "மாமாவைத் தனியா விட வேண்டாம்" என்று அவரே சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எந்த இளைஞன் தானாக மாமனார் வீட்டுக்கு, அதுவும் பூட்டிக் கிடக்கும் பட்டறைக்கு மேல் இருக்கிற இரண்டு அறை வீட்டுக்கு வருவான்? மூன்று வருடம் அவரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். குரலை உயர்த்தியதில்லை. சொட்டிக்கொண்டிருந்த குழாயை யாரும் கேட்காமலே சரிசெய்தார். என் ரத்த அழுத்த மாத்திரைகளை வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு சின்ன டப்பாவில் பிரித்து, நாளின் பெயர் எழுதி ஒட்டி வைத்தார். இன்னொருவருடைய மாத்திரையில் ஒருவருக்கு என்ன அக்கறை? ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மருந்துக்கடைக்காரரிடம் காட்டினேன். எல்லாம் சரியான மாத்திரைதான் என்றார்.

மகளுக்கு அது தெரிந்துவிட்டது.

"மாத்திரையை எதுக்குப்பா கடைக்கு எடுத்துட்டுப் போனீங்க?" என்றாள்.

"சரிபார்க்கத்தான்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

அன்றிலிருந்து டப்பாவில் மாத்திரையை அவளே போட ஆரம்பித்தாள். நான் எண்ணியும் பார்க்கவில்லை, கடைக்கும் கொண்டுபோகவில்லை. அவளை நம்புவதில் எனக்கு என்றைக்கும் சிரமம் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வெளியே போன பிறகு மாப்பிள்ளையின் தோல்பையை ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். ஊசிகள், கையுறை, மாடுகளின் படம், பாதி தின்ற பிஸ்கட். மூன்று வருடத்தில் வேறு எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாம் வருடக் கடைசியில் ஒரு கடிதம் கிடைத்தது. மலைப்பகுதி மேய்ச்சல் நிலங்களுக்குத் தன்னை மாற்றும்படி அவரே கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் நகல். அடியில் ஒப்புதல் முத்திரை. இங்கிருந்து ஒன்றரை நாள் பயணம்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது முதலில் வந்தது நிம்மதிதான். கடைசியில் ஒரு குறை அகப்பட்டுவிட்டது. அவள் திரும்பி வந்ததும் கடிதத்தை மேசைமேல் வைத்தேன்.

"நான்தான் எழுதச் சொன்னேன்" என்றாள் மகள். "அவர் வேண்டாம்னுதான் சொன்னார். எனக்கு இங்க மூச்சு முட்டுதுப்பா. நீங்க அவரைப் பார்க்கிற பார்வையை என்னால தாங்க முடியல."

நான் அவள்மேல் கோபப்படவில்லை. அந்த வார்த்தைகள் அவளுடையவை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. இருபத்தெட்டு வருடம் வளர்த்திருக்கிறேன், அவள் என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியாதா? யாரோ சொல்லிக் கொடுத்ததைப் பேசினாள். எவ்வளவு அழகாகச் சொல்லிக் கொடுத்திருந்தால், அது தன் சொந்த விருப்பம் என்றே அவள் நினைத்துக்கொள்ளும் அளவுக்கு இருக்கும்? அன்றைக்குத்தான் எனக்கு அவரைக் கண்டு உண்மையிலேயே பயம் வந்தது. அவள் போய்விடுவாள். மலையில், மூடுபனியில், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஓர் ஆளோடு இருப்பாள். அவளை இழந்துவிடுவேன். கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தேன்.

மலைக்கு ஃபோர் வீல் வண்டி இல்லாமல் முடியாது. மாப்பிள்ளை என்னிடம்தான் வந்தார்.

"மாமா, நீங்க பார்த்துச் சொல்ற வண்டியைத்தான் வாங்குவேன். எனக்கு மாட்டுக்குக் காய்ச்சல்னா தெரியும், வண்டிக்கு என்னன்னு தெரியாது" என்றார். அவருக்கே உரிய சிரிப்பு.

முதல் வண்டியை நான் நேர்மையாகப் பார்த்தேன். வெள்ளத்தில் நின்றது, சீட் பெல்ட் காட்டிக் கொடுத்தது. பெருக்கல் போட்டேன். இரண்டாவது வண்டியில் மெதுவேக கியர் விழவே இல்லை, நான்கு டயரும் நான்கு வம்சம். அதிலும் பெருக்கல். அதுவரை என் மனதில் எதுவும் இல்லை. இதை நீங்கள் நம்பலாம், ஏனென்றால் இரண்டு வண்டியும் நோட்டில் இருக்கின்றன.

மூன்றாவது, ஒரு மர வியாபாரியின் வண்டி. கரும்பச்சை. மரப்பட்டறையின் பின்பக்கம், மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில் நின்றது. எஞ்சின் ஆறியிருந்தது, முதல் திருப்பிலேயே பிடித்தது. டயர் நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். விசை பிரிக்கும் பெட்டியின் எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தேன், தண்ணீர் கலந்த வெளுப்பு இல்லை. நான்கு சக்கர கியர் மண்ணில் வெண்ணெயாக விழுந்தது. மர வியாபாரியும் நல்ல மனிதராகத்தான் இருந்தார். அவர் வாங்கியே ஆறு மாதம்தான் ஆகிறது, அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அவரை நீங்கள் இரண்டு நாள் உட்கார வைத்துக் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அடியில் புதுக் கறுப்புப் பூச்சு இருந்தது. உங்கள் தம்பிக்குச் சொல்லுங்கள், பழைய வண்டியின் அடிவயிறு மட்டும் புதிதாக இருந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஸ்டியரிங் பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பினால் அந்த அசைவை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோவது அதுதான். அதை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் நான்கு போல்ட்டுப் போட்டு முடுக்கியிருப்பார்கள். கரடுமுரடான பாதையில் உழைத்த வண்டிகளில் அந்த இடத்தில் சேஸிஸ் விரிசல் விடும். சும்மா நிற்கும்போது பார்த்தால் தெரியாது. எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் மேலே உட்கார்ந்து வளையத்தை இடமும் வலமும் திருப்ப வேண்டும், இன்னொருவர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால் பலர் இதைச் செய்வதே இல்லை.

நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். மாப்பிள்ளை இருக்கையில் உட்கார்ந்தார். நான் கோணியை விரித்துக் கீழே படுத்து டார்ச் அடித்தேன்.

"திருப்புங்க மாப்பிள்ளை."

இடப்பக்கம் திருப்பினார். கறுப்புப் பூச்சில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுந்தது. வலப்பக்கம் திருப்பினார். கோடு மூடிக்கொண்டது. மறுபடி இடப்பக்கம். இந்த முறை பூச்சு உதிர்ந்து என் கன்னத்தில் விழுந்தது, உள்ளே பழைய பற்றவைப்பும் அதைச் சுற்றித் துருவும் தெரிந்தன. நான்கு விரல் நீளம். சமதரையில் சில மாதம் தாங்கும். பாரம் ஏற்றிக்கொண்டு மலை இறக்கத்தில் கற்கள்மேல் குலுங்கிப் போனால், ஏதோ ஒரு வளைவில் பாக்ஸ் சேஸிஸைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதன்பிறகு கையில் இருக்கும் வளையத்துக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தம் இருக்காது.

"போதுமா மாமா?" என்று மேலிருந்து கேட்டார்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

அவர் திருப்பினார். திறந்தது, மூடியது. எத்தனை முறை திருப்பச் சொன்னேன் என்று நினைவில்லை. முதுகுக்கடியில் மரத்தூள் உறுத்தியது, இதமான வெயில், எங்கோ ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் என் கையில்தான் இருந்தது. கையை நீட்டினால் தொடுகிற தூரம்.

வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டேன். பிறகு வட்டங்கள் போட்டேன். வலது விளக்கின் கண்ணாடியில் கீறல், ஒரு வட்டம். பின்கதவுப் பிடி ஆட்டம், ஒரு வட்டம். வைப்பர் ரப்பர், கைபிரேக், ஒரு டயரின் வால்வு மூடி. இப்படிச் சில்லறையாக மொத்தம் ஏழு. மாப்பிள்ளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா மாமா?" என்றார்.

"வட்டம் போட்ட இடத்தையெல்லாம் சரிபண்ணித் தரச் சொல்லுங்க" என்றேன்.

இந்த வாக்கியத்தை நீங்கள் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பாருங்கள். அதில் பொய் இல்லை. வண்டி நல்ல வண்டி என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன். அடிப்படத்தில் அந்த இடத்தைக் குறித்து, 'விரிசல், நான்கு விரல், பழைய பற்றவைப்பு, திருப்பினால் திறக்கிறது' என்று எழுதி, வட்டம் போட்டு, உள்ளே பெருக்கலும் போட்டேன். உங்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். முப்பத்தொரு வருடத்தில் அந்த நோட்டில் ஒரு குறையைக்கூட நான் விட்டதில்லை. தொழிலில் சுத்தம் வேண்டும்.

அவர்கள் கிளம்ப மூன்று வாரம் இருந்தது. வண்டி படிக்கட்டுக்கு அடியிலேயே நின்றது. தினமும் அதைத் தாண்டித்தான் மேலே ஏறினேன். மாப்பிள்ளை தினமும் அதைத் துடைப்பார். அந்த மூன்று வாரத்தில் மூன்று முறை என்னிடம் கேட்டார், வேற ஏதாவது பார்க்கணுமா மாமா என்று. டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும், இறக்கத்தில் எந்த கியரில் இறங்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார்.

கிளம்புகிற நாள் காலையில் எனக்கு நெஞ்சு வலித்தது. சாமான்களை ஏற்றி முடித்திருந்தோம். இரும்பு அலமாரியை நான்தான் கயிறு போட்டுக் கட்டினேன். மகள் முன்னிருக்கையில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு மேலே வந்தபோது நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை ஓடி வந்து நாடி பிடித்தார்.

"கொஞ்சம் வேகமா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா நான் போகல மாமா. நாலு நாள் கழிச்சுப் போய்ச் சேர்ந்துக்கறேன்."

"வேலையில சேர்ற நாளைத் தள்ளிப்போடக் கூடாது மாப்பிள்ளை" என்றேன். "அவ ரெண்டு நாள் என்கூட இருக்கட்டும். அப்புறம் பஸ்ல வரட்டும்."

அவர் மகளைப் பார்த்தார், மகள் என்னைப் பார்த்தாள். அவர் குனிந்து என் காலணியைக் கழற்றி, காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துவிட்டு இறங்கிப் போனார். ஜன்னலுக்கு அடியில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. முதல் திருப்பிலேயே பிடித்தது.

மறுநாள் மதியம் தகவல் வந்தது. மலையேறி, கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கும்போது ஏழாவது வளைவில். பழைய வண்டி, பாரம் அதிகம், பாதை மோசம் என்று அந்தப் பக்கத்துப் போலீஸார் எழுதி முடித்துவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு நெஞ்சுவலி வந்ததுதான் நல்லதாப் போச்சு, பொண்ணாவது தப்பிச்சாளே என்று சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

எட்டு மாதம் அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். சாப்பிட வைத்தேன், தலைவாரி விட்டேன், வேலைக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தேன். அவள் பேசுவது குறைந்திருந்தது. பழையபடி ஏதாவது செய்தால் மனம் ஆறும் என்று, தேங்கிக் கிடந்த நோட்டை அவளிடம் கொடுத்தேன். ஆமாம், மேடம், நானேதான் கொடுத்தேன். நீங்கள் இதை மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மறந்துபோய்க் கொடுத்தேனா, மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கொடுத்தேனா என்று. இரண்டும் இல்லை. அது வேலை நோட்டு, படியெடுப்பது அவள் வேலை. ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படம் நான் வரைந்ததிலேயே நன்றாக வந்த படம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மேசையின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பழைய நாட்கள் திரும்பிவிட்ட மாதிரி இருந்தது. கரும்பச்சை வண்டிக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு மறுபடி ஓடியது. அடிப்படத்தை முழுசாக வரைந்தாள், நான்கு விரல் என்று எழுதினாள், வட்டமும் பெருக்கலும் போட்டாள், தேதியும் எழுதினாள். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அழவில்லை.

"அவர்கிட்ட என்னப்பா குறை கண்டீங்க?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அதன்பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

வண்டி பாதி வழியில் படுத்துவிடும், சலித்துப்போய்த் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன் என நேற்றுச் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். இன்று காலையில் வந்ததும் வராததுமாக, அப்படியானால் மகளை மட்டும் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டீர்கள். கெட்டிக்காரர் நீங்கள். வெறுமனே நின்றுபோகிற வண்டியில் மகள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

எனக்கு நெஞ்சு வலிக்கவில்லை. அவர் நாடி பிடித்தபோது அது வேகமாக ஓடியதற்குக் காரணம் வேறு. பாக்ஸ் எங்கே பிய்யும் என்று எனக்குத் தெரியும். பிய்ந்தால் ஆள் பிழைக்க மாட்டார் என்றும் தெரியும். தெரிந்துதான் வட்டம் போடவில்லை, தெரிந்துதான் பாரத்தை இறுக்கிக் கட்டினேன், தெரிந்துதான் அவரைப் போகச் சொன்னேன். நான்தான் கொன்றேன். இதை உங்கள் வார்த்தையில் மாற்றாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மகளின் கேள்விக்குத்தான் இன்னும் பதில் இல்லை. அவள் போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. அவருடைய சட்டைப்பைகளைப் பார்த்தேன், காலணிகளின் உள்ளட்டையைப் பிரித்துப் பார்த்தேன், புத்தகங்களை ஒவ்வொன்றாக உதறினேன். நீங்கள் என்னை இங்கே அழைத்து வருவதற்கு ஒரு வாரம் முன்னால் பஸ் பிடித்து மலைக்கே போய், அவர் பேசி வைத்திருந்த வீட்டையும் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் திறந்து காட்டினார். கீழே தனியாக ஓர் அறை. கட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கச் சுவரில் புதிதாக ஒரு கம்பி அடித்திருந்தது. "ஆறு மாசத்துல மாமாவைக் கூட்டிட்டு வந்துடுவேன், பொண்டாட்டியை மெல்லத்தான் சம்மதிக்க வைக்கணும்னு சொன்னார்" என்றார் வீட்டுக்காரர். பெற்ற மகளே வேண்டாம் என்கிற ஆளுக்கு, பெறாத ஒருவர் எதற்காகக் கம்பி அடித்து வைக்க வேண்டும்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவருடைய கைப்பேசியும் மலையில் கிடைத்த பெட்டிகளும் உங்களிடம்தான் இருக்கின்றன. எனக்கு வயதாகிவிட்டது, கண்ணும் முன்போல் இல்லை. நீங்கள் இளையவர், துருவிப் பார்க்கத் தெரிந்தவர். அவசரமில்லாமல், அடிவரைக்கும் பாருங்கள். எங்கேயாவது ஒன்று இருக்கும், இல்லாமல் இருக்காது. கிடைத்ததும் முதலில் என் மகளிடம் சொல்லுங்கள், மேடம். அதைப் பார்த்துவிட்டால் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.